சத்தமில்லாத வீடு

டவுன் பஸ்ஸில் என் முன் சீட்டில் கைக்குழந்தையோடு ஒரு தம்பதி. இன்று அவர்கள் வாங்கப்போகும் வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்க வேண்டும். வேலம்பாளையமா, இப்போது குடியிருக்கும் அனுப்பர்பாளையமா என்பது முடிவாகவில்லை.

“வேலம்பாளையத்து ஊடு வேண்டாங்க. அங்க சத்தமே இல்லீங்க” என்றாள் மனைவி.

“அது ஒரு கொறையா?”

“பாப்பா பொறந்ததுலருந்து நம்ம பக்கத்துப் பட்டறையில பாத்திரம் தட்டுற சத்தத்துல தூங்குறவ. அந்த ஊட்டப் பாக்கப் போனப்ப ஒரு நிமிசம் கண்ண மூடினாளா?”

தூங்காத பிள்ளையை வளர்த்த நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

“சரி, இங்கயே வாங்கலாம். ஞாயித்துக்கிழம பட்டறை லீவாச்சே, என்ன பண்ணுவ?”

“ஞாயித்துக்கிழம நீங்க ஊட்டுலதானுங்க இருக்கறீங்க.”

சிக்னலில் பஸ் எஞ்சின் அணைந்தது. குழந்தை சிணுங்கியது. கணவர் டிபன் பாக்ஸை எடுத்து மூடியில் தட்ட ஆரம்பித்தார்.