கழிவறை கேட்ட தலைமையாசிரியை

மேடையில் வீற்றிருக்கும் மாவட்டக் கல்வி அலுவலர் அவர்களே, நிதிக்குழுத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் துயரோடு அமர்ந்திருக்கும் அம்மையாரின் கணவர், நம் தையற்கடை ஐயா அவர்களே, நாற்காலி கிடைக்காமல் சன்னலோரம் நிற்கும் பெற்றோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நம் தலைமையாசிரியை அம்மையாரைப் பற்றிப் பேச எத்தனையோ பேர் இருக்க, என்னை ஏன் அழைத்தார்கள்? அவரை அதிகமாக அலையவிட்டவன் நான் என்பதால்! கல்வி அலுவலகக் கட்டடப் பிரிவில் பொறியாளராக இருந்தேன். ஏழு ஆண்டுகள் அவருடைய கோப்பு என் மேசையில் படுத்துத் தூங்கியது.

அப்படி என்ன கேட்டார்? மாளிகை கேட்டாரா? மண்டபம் கேட்டாரா? இருநூற்றுப் பத்துப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்குக் கழிவறை கேட்டார்! இருந்த ஒன்றும் மழையில் இடிந்துவிட்டது. காலையில் வரும் பெண்பிள்ளைகள் மாலை வரை ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். குடித்தால் எங்கே போவது? எட்டாம் வகுப்போடு பாதிப் பேர் படிப்பை நிறுத்திவிட்டார்கள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இது கட்டடம் இல்ல டீச்சர், வசதி. வசதிப் பிரிவுக்குப் போங்க." அங்கே இருந்தவர், "நாலு சுவரும் கூரையும் இருக்கே, அப்ப கட்டடம்தானே?" என்று என்னிடமே திருப்பி அனுப்பினார்.

"சார், கூரை இல்லாம கட்டிக்கிறோம். அப்பவாவது வசதியாயிடுமா?" என்று கேட்டார் அம்மையார்.

அவர் கிண்டல் செய்தார் என்பது வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அதுவரை அதற்கு விதி இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தேன்!

கடைசியில் நிதிக்குழுவையே பள்ளிக்கு வரவழைத்தார், கூடவே என்னையும். இறங்கியதும் தேநீர். வகுப்புக்கு வகுப்பு தேநீர். வெயிலாயிற்றே என்று நடுநடுவே எலுமிச்சைச் சாறு. அப்புறம் பேச்சுப் போட்டி. தலைப்பு என்ன? நீரின் பெருமை! பதினெட்டுப் பிள்ளைகள் பேசினார்கள். எழப் பார்த்தவர்களை, "குழந்தைங்க மனசு ஒடஞ்சிடும் சார், உக்காருங்க" என்று உட்கார வைத்தார். பன்னிரண்டாவது பிள்ளை அருவி கொட்டுவதை வர்ணித்தபோது குழுத்தலைவருக்கு வியர்த்துவிட்டது. இதோ மேடையில்தான் இருக்கிறார், மறுக்க மாட்டார்.

அவர் மெல்லக் குனிந்து, "டீச்சர், பாத்ரூம் எங்க இருக்கு?" என்றார்.

அம்மையார் கையிலிருந்த ஒலிவாங்கியை அணைக்கவில்லை. "அதத்தான் சார் ஏழு வருஷமா நாங்களும் கேட்டுக்கிட்டு இருக்கோம்!"

பக்கத்துச் சோளக்காட்டை நோக்கி நிதிக்குழு மொத்தமும் ஓடியது. எல்லாருக்கும் முன்னால் ஓடியவன் யார்? நான்தான்!

அடுத்த வாரமே நிதி வந்தது. கட்டடமா, வசதியா என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. கட்டி முடித்ததும் அவர் பெயரையே வைக்கலாம் என்றோம். பதறிவிட்டார். "வேணவே வேணாம். பசங்க 'டீச்சருக்குப் போயிட்டு வரேன்'னு சொல்லும்!"

திறந்த நாள் காலையில், முதல் மணி அடிக்கும் முன்பே பெண்பிள்ளைகள் குழாயடியில் கூடி வயிறு முட்டத் தண்ணீர் குடித்தார்கள். அம்மையார் தூணைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். கடைசிப் பிள்ளை குடித்து முடிக்கும்வரை அங்கேயே நின்றார். அந்தக் கோப்பை ஏழு ஆண்டுகள் தூங்கவிட்டவன், அன்று அவர் முகத்தைப் பார்க்கக் கூசினேன்.

அதன் பிறகு அவரோடு சேர்ந்து இந்த மாவட்டத்தில் ஐந்து பள்ளிகளுக்குக் கட்டினோம். தையற்கடை ஐயா ஒருநாள் என்னைத் தனியே கூப்பிட்டார். "ஊருக்கெல்லாம் கட்டுறா. எங்க வீட்டு பாத்ரூம் கதவு பத்து வருஷமா தொங்குது. நானும் ஒரு மனு எழுதணுமா சார்?"

ஐயா, மன்னியுங்கள். அந்தக் கதவுக்கும் நான்தான் பொறுப்பு.

போன மாதம் அம்மையாரை மருத்துவமனையில் பார்த்தேன். மூச்சு வாங்கியது. நலம் விசாரிக்க விடவில்லை.

"ஆத்தங்கரை ஸ்கூல் என்ன ஆச்சு?"

"ஆகிடும் டீச்சர்."

"ஆகிடும்னு சொல்லவா இவ்வளவு தூரம் வந்தீங்க? ஆச்சுன்னு சொல்ல வாங்க. அதுவரைக்கும் வராதீங்க."

நான் போகவில்லை. அவர் போய்விட்டார்.

அன்பர்களே, ஆற்றங்கரைப் பள்ளிக் கழிவறைக்கு அரசிடமிருந்து பாதி நிதி வந்துவிட்டது. மீதி நம் பங்கு. பணம் இருப்பவர் பணம் தரலாம். இல்லாதவர் உழைப்பைத் தரலாம். வரும் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அஸ்திவாரம் தோண்டுகிறோம். எனக்கு முட்டிவலி. தோண்ட முடியாவிட்டால் மண் சுமப்பேன். முடிந்த அன்றைக்கு அம்மையார் படத்தின் முன் நின்று அந்த ஒரு சொல்லைச் சொல்வேன். இது உறுதி! என்னோடு வருபவர்கள் கையைத் தூக்குங்கள்.

சன்னலோரத்தில் எல்லாக் கைகளும் உயர்ந்துவிட்டன. மகிழ்ச்சி! மேடையில் இருப்பவர்கள் என்ன யோசிக்கிறீர்கள்? தூக்குங்கள் ஐயா, தூக்குங்கள்!