நாலு தடவை போனார்

பாலிகஞ்சில் நான் ஏறிய ஷேர் ஆட்டோவில் டிபன் கேரியரோடு ஒரு மாமியும், டியூட்டிக்குப் போகும் ஒரு நர்ஸும் இருந்தார்கள்.

“நேத்திக்கு நாலு தடவை போனார் சிஸ்டர்,” என்றாள் மாமி, முகமெல்லாம் சிரிப்பாக.

“எனக்கு நேத்து லீவு. மாமாவுக்குத் தெளிஞ்சுடுச்சா?”

“நன்னாத் தெளிஞ்சுடுத்து. வயிறு இப்படிப் போறதே, அந்த சிரப்பை நிறுத்துங்கோன்னு உங்ககிட்ட சண்டை போட்டேனே.”

“மலச்சிக்கலுக்குக் குடுக்கிற மருந்துதான் மாமி. ஆனா மாமாவுக்கு லிவர் பழுதாகி, கழிவெல்லாம் ரத்தத்துல கலந்து தலைக்கு ஏறியிருந்தது. வயிறு போனாத்தான் அது இறங்கும். இனிமே ரெண்டு மூணு தடவை போனாப் போதும், அளவைக் குறைக்கலாமான்னு டாக்டர்கிட்ட கேக்கறேன்.”

“கார்த்தாலே ரசஞ்சாதம் வேணும்னார். வீட்டுக்கு ஓடிப்போய்ப் பண்ணிண்டு வரேன். மூணு நாளா என்னை யாருன்னே தெரியாதவர், ‘விசாலம், இத்தனை நாள் எங்கே போயிருந்தே?’ங்கறார்.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“நான் இங்கேயேதான் இருந்தேன், நீங்கதான் எங்கேயோ போயிட்டேள்னேன்.”

நர்ஸ் மாமியின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரி வாசல் வந்தும் இருவரும் இறங்கவில்லை. “தீதி, இறங்கணும்,” என்று டிரைவர்தான் வங்காளியில் சொன்னார்.