பிந்தித் தட்டும் கை

— மறுபடியும் பிந்தித் தட்டுற. வானத்தப் பாக்குறியா, கொட்டாவி விடுறியா?

— நட்சத்திரம் தொலைநோக்கியோட நடு இழையத் தாண்டினதும் தட்டினேன், மச்சான்.

— மச்சானாவது மண்ணாங்கட்டியாவது. இது சர்க்கார் தந்திக் கம்பி. மாமனார் வீட்டுக் கூடம் இல்ல.

— சரிங்க, ஐயா.

— நக்கலா? கம்பியில கத்த முடியாது, அதனால பொழச்ச. பாடம் மறந்துபோச்சா? நட்சத்திரம் என் தலைக்கு மேல வந்தப்ப நான் தட்டினேன். உன் தலைக்கு மேல வர்றப்ப நீ தட்டணும். நடுவுல போன நேரத்த வச்சுத்தான் உன் கரை எங்க இருக்குன்னு கடல் வரைபடத்துல போடப் போறாங்க. நீ தூங்கி வழிஞ்சா, அத நம்பி வர்ற கப்பல் பாறையில ஏறும்.

— தெரியும்.

— என்னத்தத் தெரியும்? போன மாசம் வரைக்கும் நட்சத்திரம் இழையத் தொடுறதுக்குள்ள தட்டிட்டு நிப்ப, அவசரக்குடுக்கை. கண்ணு எரியுதுன்னு ரெண்டு நாள் லீவு போட்ட, திரும்பி வந்ததுலேருந்து பிந்துற. நீ தட்டிப் பேசுறதே ஒரு மாதிரி இருக்கு. குடிக்கிறியா?

— இல்ல.

— காலையில ஆபீஸ் பெரியவர் என்னத்தான் கேப்பாரு, உன் கணக்க வரைபடத்துல ஏத்தலாமான்னு. ஆள மாத்துங்கன்னு தந்தி அடிச்சிடுவேன்.

— அடிச்சா வேலை போயிடும். இருக்கிற வீடும் ஆபீஸ் வீடு.

— போகட்டும். என் தங்கச்சியக் கூட்டிட்டு ஓடினப்ப வீட்டப் பத்தி யோசிச்சியா?

— அவ தானாத்தான் வந்தா.

— அவ பேச்ச எடுக்காதே. என்னைப் பொறுத்தவரைக்கும் அவ செத்தாச்சு.

— நீங்கதான் எடுத்தீங்க.

— பதில் மட்டும் பிந்தாம வருது!

— இன்னும் ஒரு நட்சத்திரம் பாக்கி. அதையும் பாத்துட்டு அடிங்க.

— அதப் பாத்து என்ன கிழியப்போகுது?

— எவ்வளவு பிந்துதுன்னு பாத்தீங்களா? இன்னிக்கு முன்னாடி தட்டினதோட வச்சுப் பாருங்க.

— பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். எல்லாம்... ஒரே அளவு.

— ஒரே அளவுன்னா கழிச்சிட்டுப் போகலாமே. குடிகாரன் கை இப்படி வருமா?

— வராது. உன் கையும் வராது. அது இருக்கட்டும், வந்ததும் தட்டுறதுக்கு உனக்கு என்ன கேடு?

— முழுசாப் பாத்துட்டுத்தான் தட்டுவேன்.

— என்ன சொன்ன?

— ஒண்ணுமில்ல. நட்சத்திரம் வருது.

— வரட்டும். எங்க வீட்டுச் சாப்பாட்டு மேசையில கரண்டியால தட்டித் தட்டி ஒருத்திக்கு இந்தப் பாஷையச் சொல்லிக்குடுத்தேன். கடிகார ஊசல் நடுவுல வர்றப்ப தட்டுடின்னா, தாண்டினப்புறம்தான் தட்டுவா. எப்பவும் அதே அளவு. திட்டினா இதையேதான் சொல்லுவா.

— இழைக்கு வந்துடுச்சு, மச்சான்.

— தட்டு.

— தட்டிட்டேன்.

— அதே அளவு.

— இப்ப பெரியவருக்கு என்ன அடிக்கப் போறீங்க?

— மாப்பிள்ளைக்கு எப்பலேருந்து கண்ணு தெரியல, பாப்பா?