அடித்துப் பார்க்காத மணி

பெயரும் முகவரியும் தனித்தாளில் எழுதிக் கொடுத்துள்ளபடி. வயது முப்பத்து நான்கு. மருத்துவமனைக் கணினிப் பிரிவில் ஒன்பது ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். இறந்தவர் என் அப்பா. நர்ஸ் மீது புகார் கொடுத்தவர் என் அண்ணன்.

இதயப் பிரிவின் பத்துப் படுக்கைகளையும் ஒரே லினக்ஸ் சர்வர் கணினி கவனிக்கிறது. யாருக்காவது துடிப்பு தடுமாறினால் நர்ஸ் மேசையில் மணி அடிக்கும். செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு அந்தச் சர்வரின் கர்னலை, அதாவது அடிப்படை மென்பொருளை, மாற்றச் சொல்லி மேலாளர் உத்தரவிட்டார். அணைத்து மீண்டும் இயக்கினால் பன்னிரண்டு நிமிடம் ஆகும். ஆறாம் படுக்கையில் அப்பா இருந்தார். அவ்வளவு நேரம் அவரைக் கவனிப்பில்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. ஆகவே, அணைக்காமலேயே பழைய கர்னலிலிருந்து புதியதற்கு நேராகத் தாவும் முறையைக் கையாண்டேன். நாற்பது நொடியில் முடிந்தது. அதன் பிறகு திரையில் பத்துப் படுக்கைகளும் பச்சையாக வந்தன. எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன்.

இந்த முறையில் மின்சாரம் நிற்காது. அதனால் கணினிக்குள் செருகிய மின்னணு அட்டைகள் புதிதாகத் தொடங்காமலே போகலாம். மணிக்கான அட்டை அப்படிச் சிக்கி நின்றுவிட்டது. எந்த மாற்றத்துக்குப் பிறகும் மணியை ஒருமுறை அடித்துப் பார்ப்பது எங்கள் வழக்கம். அன்று பணியில் இருந்த நர்ஸ் அக்காவே போனில் கேட்டார்: "மணி அடிச்சுப் பாக்கலையா தம்பி?" அப்பா தூங்குகிறாரா என்று கேட்டேன். "இப்பத்தான் கண்ணசந்தாரு" என்றார். "அப்போ விடுங்கக்கா, எழுந்ததும் பாத்துக்கலாம்" என்றேன்.

அதன் பிறகு பன்னிரண்டரை மணிக்கு அப்பாவின் துடிப்பு நின்றதாகவும் மணிக்கு ஆணை போனதாகவும் சர்வர் பதிவில் உள்ளது. அக்கா அப்போது மறைப்புத் துணிக்குப் பின்னால் பத்தாம் படுக்கைக்காரருக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தார். அவர் வந்து பார்த்தபோது பதினான்கு நிமிடம் ஆகியிருந்தது.

அன்று மாலையே யாரிடமும் காரணம் சொல்லாமல் சர்வரை முழுவதுமாக அணைத்து மீண்டும் இயக்கி, மணியைச் சோதித்தேன். மணி கணீரென்று அடித்தது. ஏழாம் படுக்கைக்காரர் திடுக்கிட்டு விழித்தார். ஆறாம் படுக்கையில் புது விரிப்பு போட்டிருந்தார்கள்.

அடக்கம் முடிந்த மறுநாள் அண்ணன், "மணி அடிச்சும் வரலடா அந்த நர்ஸ், தூங்கிட்டா" என்று அழுதார். இதே காவல் நிலையத்தில் அவர் புகார் எழுதியபோது பக்கத்தில் நின்றேன். பேனா என்னுடையது. அதன் பிறகு அக்காவை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை.

அக்கா தூங்கவில்லை. மணி அடிக்கவில்லை. காரணம் நான்.

இதைப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, ஒரு சொல்லும் மாற்ற வேண்டியதில்லை. அண்ணன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். நான் நர்ஸுக்கு எதிராகச் சாட்சி சொல்ல வந்திருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்.

(கையொப்பம்)