சட்டைப்பையில ஒரு புராசஸர்

பாத்துண்ணே, பாத்து. ஓரத்தப் புடிச்சுத் தூக்குங்க. அடியில பூரா ஊசி ஊசியாக் காலு, ஒண்ணு வளஞ்சாலும் போச்சு. செருப்பு மாட்டக் குனிஞ்சேன், பஸ்ஸு குலுக்குன குலுக்குல சட்டப்பையில இருந்து நழுவிருச்சு. இல்லண்ணே, தங்கம் இல்ல, வெறும் மேப்பூச்சு. கம்ப்யூட்டருக்கு மூளை மாதிரி, புராசஸர்னு சொல்லுவாக. இருக்கட்டும், உங்க கையிலயே இருக்கட்டும், நல்லாப் பாருங்க. எனக்குத் தேனியில கம்ப்யூட்டர் கடை. கர்ணன் கடைன்னு கேட்டா பஸ்டாண்டுல சொல்லுவாக. இப்பல்லாம் யாரும் கேக்காம இருந்தாத் தேவலன்னு இருக்கு.

நல்ல சாமானாங்கிறீகளா? நல்ல சாமான்தேன். வீட்டுக்குன்னா கண்ண மூடிக்கிட்டு வாங்கலாம். அதுமேல ஒரு குத்தமும் இல்ல. நான் கொண்டுபோயி வச்ச எடந்தேன் தப்பு. சர்வர்னு ஒண்ணு இருக்குண்ணே. நாப்பது அம்பது கம்ப்யூட்டருக்கு நடுவுல ஒக்காந்து, அம்புட்டுக்கும் பதில் சொல்ற மிஷினு. அதுக்குள்ள இருக்க வேண்டியது வேற ரகம்.

வேகமா? எல்லாரும் அதத்தேன் கேக்குறாக. வேகத்துல இதுதேன் முந்தும். கம்பம்மெட்டு ரோட்டுல ஏலக்காத் தோட்டத்துக்கு ஆள் ஏத்திட்டுப் போற ஜீப்ப, ஒரு பைக்குக்காரன் விருட்டுனு முந்திட்டுப் போறதில்ல? அந்த மாதிரி. ஆனா ஜீப்புல பதினாலு பேரு இருக்காக, அத யாரு பாக்குறா? சர்வர் புராசஸரு ஒத்த வேலையப் பையத்தேன் செய்யும். நாப்பது பேரு ஒண்ணாக் கேட்டாலும் தெணறாது, நாள் கணக்கா ஓடுனாலும் நிக்காது. நடுவுல ஒரு எழுத்து தப்பா விழுந்துச்சுன்னா, தானே கண்டுபிடிச்சு அங்கனயே திருத்திக்கிரும். இதுக்கு அந்தப் பழக்கம் கெடையாது.

ரெண்டாயிரத்து நாலுல ஒரு காலேசுல சர்வர் கேட்டாக. பேரு வேணாம்ண்ணே. போட்டிக்கு மதுரையில இருந்து ஒருத்தரு நெச சர்வரையே கொண்டாந்துட்டாரு. எனக்கு அது வந்துசேர மூணு வாரம் ஆகும்னுட்டாக. நான் என்ன செஞ்சேன், பெரிய பெட்டியா வாங்கி, உள்ள இந்தா இதப் போட்டு, வெளிய சர்வர்னு ஸ்டிக்கர ஒட்டிக் கொண்டுபோயிட்டேன். தாளாளரு சுந்தரலிங்கம் கைக்கடியாரத்தோட ஒக்காந்துட்டாரு. ஒரே மார்க் லிஸ்ட்ட ரெண்டுலயும் வரிசப்படுத்தச் சொன்னாரு. என்னுது நாப்பது செகண்டு. மதுரக்காரருது அம்பத்தஞ்சு. கை தட்டுனாக. அந்த மனுசன் என் மூஞ்சியவே பாத்தாரு, அவருக்கு வெளங்கிருச்சு. நாப்பது பேர ஒண்ணா ஒக்கார வச்சுப் பாப்போம் சார்னாரு. அதெல்லாம் தேவையில்லன்னு தடுத்தது நாந்தேன்.

நெச சர்வரு வந்ததும் மாத்திருவோம்னுதேன் நெனச்சேன். வந்துச்சு. அங்க வச்சதே நல்லா ஓடுதேன்னு விட்டுட்டேன்.

அந்த மிஷினப் பாத்துக்கிட்டது முனீஸ்வரின்னு ஒரு புள்ள. தேவாரத்துல இருந்து பஸ்ஸுல வரும். வாத்தியாருமாரு எல்லாம் ஒண்ணா மார்க்கு ஏத்தயில மிஷினு நின்னு நின்னு போகும். அண்ணே, தொட முடியல, கொதிக்குதுன்னு நாலு தடவ போன் போட்டுச்சு. ஒரு ஃபேன வையி ஆத்தான்னேன். காலேசுல ஃபேன் குடுக்கல. அந்தப் புள்ள வீட்டுல இருந்த டேபிள் ஃபேன மடியில வச்சு பஸ்ஸுல கொண்டாந்து, மிஷினுக்கு நேரா வச்சுச்சுண்ணே. தனக்கு வேர்க்குறத விட மிஷினுக்கு வேர்க்குறது அந்தப் புள்ளைக்குப் பெருசாத் தெரிஞ்சுச்சு.

பெறகென்ன. ஒருநா நட்ட நடுவுல சுத்தமா நின்னுபோச்சு. அணைச்சுப் போட்டா, பதினெட்டுப் பிள்ளைக மார்க்கு ஆளு மாறிக் கெடக்கு. ஃபெயிலானவன் பாஸு, பாஸானவன் ஃபெயிலு. இவதேன் கைநீட்டி வாங்கிட்டு மாத்திப்புட்டான்னு வேலைய விட்டு நிறுத்தி, கேசும் போட்டுட்டாக. பேசி முடிச்ச கலியாணமும் நின்னுபோச்சு.

மிஷினச் சோதிக்க யாரக் கூப்புட்டாகங்கிறீக? என்னயத்தேன். கடைக்குக் கொண்டாந்து ஷட்டர எறக்கிட்டு, இதக் கழட்டிப்புட்டு, நெச சர்வர் சாமான மாட்டி, கொறையேதும் இல்லன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன். மனுசன் செய்யிற காரியமாண்ணே? வெக்கமா இருக்கு. கண்ணாடியப் பாத்துச் சவரம் பண்ணக் கூசுது, அதேன் இந்தத் தாடி. எம் பொண்டாட்டி கோயிலுக்கு வேண்டுதலான்னு கேக்குறா. ஆமான்னு வச்சிருக்கேன்.

சொன்னா என்ன ஆகுமா? கடை போகும். உள்ள தூக்கி வச்சாலும் வைப்பாக. அந்தப் பயந்தேன், வேறென்ன.

ஆமாண்ணே, இன்னைக்குத்தேன் வாய்தா. உத்தமபாளையம் கோர்ட்டுல. அந்தப் புள்ள பக்கத்துச் சாட்சியா? இல்லண்ணே, நான் காலேசு பக்கத்துச் சாட்சி. இன்னைக்கு அந்தப் புள்ளையோட வக்கீலு என்னயக் கேள்வி கேப்பாரு.

சொல்லணும். சொல்லணும்னுதேன் கெளம்புனேன். போன வாய்தாவுக்கும் இதே பஸ்ஸுதேன். பக்கத்துல ஒச்சாண்டின்னு ஒரு வாழத்தாரு யாவாரி. அவருகிட்டயும் இதே மாதிரி ஒண்ணு விடாமச் சொன்னேன். அவரும் உங்கள மாதிரியே என் தொடையத் தட்டி, போயிச் சொல்லிருய்யான்னாரு. சரிண்ணேன்னு எறங்கிப் போயி, கூண்டுல ஏறி, சத்தியம் பண்ணி, மிஷினுல ஒரு கொறையும் இல்லைங்கய்யான்னுட்டேன்.

வெளிய வந்தா அந்தப் புள்ள நிக்கிது. மண்ண வாரித் தூத்தும்னு பாத்தேன். தூத்தல. பக்கத்துல வந்து, ஏண்ணே, நீங்க பாத்தப்ப மிஷினு நல்லாத்தேன் இருந்துச்சா, அப்ப நாந்தேன் எதையோ தப்பா அமுக்கிட்டேன் போலண்ணேன்னுச்சு.

எடம் வந்துருச்சு, கொஞ்சம் கால ஒதுக்குங்கண்ணே. அதக் குடுங்க. அன்னைக்கும் இது இதே பையிலதேன் இருந்துச்சு.