பட்டாசுப் பெட்டியில் என் ரிசப்ஷன் லெகங்கா

சாட்சியின் பெயர்: ஸ்ரீமதி. வயது 27. தகப்பனார் பெயர்: அய்யாதுரை. விலாசம்: கதவு எண் 14, மூன்றாவது குறுக்குத் தெரு, சிவகாசி.

நான் மேற்கண்ட விலாசத்தில் என் தாய் தந்தையுடன் குடியிருந்து வருகிறேன். என் தந்தை ஆப்செட் அச்சகம் நடத்துகிறார். பட்டாசுக் கம்பெனிகளுக்கு லேபிளும் அட்டைப்பெட்டியும் அச்சடித்துக் கொடுப்பது எங்கள் தொழில். நான் எம்.காம். முடித்துவிட்டு அச்சகத்தில் ஆர்டர்களைக் கவனித்து வருகிறேன். எனக்கும் சாத்தூரைச் சேர்ந்த சரவணக்குமார் என்பவருக்கும் நாளை மறுநாள் ஞாயிற்றுக்கிழமை திருமணம். நாளை மாலை வரவேற்பு.

எனக்கு உடம்பு பெரியது. இதைச் சொல்லாமல் நடந்ததைச் சொல்ல முடியாது. இது விசாரணைக்குத் தேவையில்லை என்று இந்த வாக்குமூலத்தை எழுதுகிற காவலர் சொன்னார். தேவைதான் என்று நான் வற்புறுத்தியதன் பேரில் எழுதப்படுகிறது.

வரவேற்புக்கு லெகங்கா எடுப்பதற்காக நானும் என் தாயாரும் மதுரைக்குப் போனோம். அங்கே ஒரு கடையில் விற்பனைக்கு நின்ற பெண் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அக்கா, உங்க சைசுக்குத் துப்பட்டா மட்டுந்தான் இருக்கு" என்று சொன்னார். அந்தப் பெண் கேலி செய்யவில்லை, கடையில் உள்ளதைச் சொன்னார். அதனால் எனக்குக் கோபம் இன்னும் கூடியது. அதன் பிறகு வேறு கடை ஏறாமல் ஊருக்குத் திரும்பிவிட்டோம். 

அதன் பிறகு, எங்கள் அச்சகத்தில் பெட்டி ஒட்டும் மாரிசெல்வி என்பவர், ஏழாயிரம்பண்ணையில் பாண்டிலட்சுமி என்று ஒருவர் வீட்டிலேயே ஆரி எம்பிராய்டரி வேலை செய்து, அளவெடுத்துத் தைத்துக் கொடுப்பதாகச் சொன்னார். பாண்டிலட்சுமி முன்பு பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கும் ரூமில் வேலை பார்த்தவர். பிறகு அந்த வேலையை விட்டுவிட்டு ஆரி வேலை கற்றுக்கொண்டு, அதே தெருவைச் சேர்ந்த மூன்று பெண்களை வைத்துத் தொழில் செய்து வருகிறார். நானும் என் தாயாரும் அவர் வீட்டுக்குப் போனோம்.

வாசலில் ஒரு மணல் வாளியும் ஒரு தண்ணீர் டிரம்மும் இருந்தன. பாண்டிலட்சுமி எங்களை வாங்க என்று சொல்வதற்கு முன்பே, "செருப்ப வெளிய போடு பாப்பா. செல்போன அந்த மாடாக்குழில வையி. உள்ள நாலு பேருக்கு மேல ஆகாது. அம்மா வெளியவே உக்காரட்டும்" என்றார். துணி தைக்கும் இடத்தில் இதெல்லாம் எதற்கு என்று கேட்டேன். "மருந்து ரூம்புல இருந்த ஒடம்பு. இப்பிடி இருந்தாத்தான் எனக்குக் கை ஓடும்" என்றார். என் தாயார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார்.

பாண்டிலட்சுமி எனக்கு அளவெடுத்தார். இதுவரை எனக்கு அளவெடுத்த தையல்காரர் ஒவ்வொருவரும் டேப்பைப் பார்த்துவிட்டு ஒரு தடவையாவது உச்சுக்கொட்டியிருக்கிறார்கள். இவர் உச்சுக்கொட்டவில்லை. "ஒல்லிப் பிள்ளைகளுக்குத் தச்சா நாலு பூ வைக்கதுக்குள்ள துணி முடிஞ்சு போகுது. ஒங்கிட்டதான் எனக்கு வேல காட்ட எடம் இருக்கு" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த இடத்திலேயே ஆர்டர் கொடுத்துவிட்டேன்.

மயில், யானை, கோபுரம் எதுவும் வேண்டாம் என்று சொன்னேன். அவர் எழுந்து பின்பக்கமிருந்த பருத்திக் காட்டுக்குள் போய் ஒரு பூவைப் பறித்துக்கொண்டு வந்து என் மடியில் போட்டார். கருநீலப் பட்டில் மஞ்சள் பருத்திப் பூ என்று முடிவானது.

அதன் பிறகு நான் சில தடவை வேலையைப் பார்க்கப் போனேன். பாண்டிலட்சுமி பழைய மெத்தைப் பஞ்சைத் திணித்து என் அளவுக்கு ஒரு பொம்மை செய்து, அதன் மேல் துணியைப் போட்டு வைத்திருந்தார். அது சன்னலுக்கு நேராக நின்றது. தெருவில் போகிறவர்கள் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு போவதாக எனக்குத் தோன்றியது. சன்னலைச் சாத்தும்படி சொன்னேன். "சாத்திப்போட்டு வேல பாக்கது எனக்கு ஆகாது தாயி, மூச்சு முட்டும்" என்றார். நான் விடவில்லை. கடைசியில் எனக்காகச் சன்னலைச் சாத்தி, அதன் மேல் பழைய சேலையும் கட்டினார்.

பிளாஸ்டிக் கவரில் வைத்தால் சரிகை கறுத்துவிடுகிறது என்று அவர் ஒருநாள் சொன்னார். எங்கள் அச்சகத்தில் கலர் விலகிப்போனதால் கம்பெனிக்காரர்கள் திருப்பி அனுப்பிய சரவெடிப் பெட்டிகள் ஒரு லோடு சும்மா கிடந்தன. அதிலிருந்து ஒரு கட்டு எடுத்து எங்கள் வேனில் ஏற்றி அவர் வீட்டுக்கு அனுப்பினேன். அந்தப் பெட்டிகளின் மேல் சரவெடிப் படம் பெரிதாக இருந்ததை யோசிக்கவில்லையா என்று சார்பு ஆய்வாளர் அவர்கள் கேட்டார்கள். யோசிக்கவில்லை. எங்கள் வீட்டில் அரிசி வடகம், அப்பாவின் சட்டை, கொலு பொம்மை எல்லாமே பட்டாசுப் பெட்டியில்தான் இருக்கிறது. பெட்டியில் என்ன படம் என்று எங்கள் ஊரில் யாரும் பார்ப்பதில்லை.

இன்று வெள்ளிக்கிழமை காலை, லெகங்காவை வாங்கி வருவதற்காக நான் காரில் ஏழாயிரம்பண்ணைக்குப் போனேன். பாண்டிலட்சுமி அதை மடித்துப் பெட்டியில் வைத்து டேப் ஒட்டி முடித்திருந்தார். பிரித்துக் காட்டச் சொன்னேன். சாயா குடித்துவிட்டுக் காட்டுகிறேன் என்றார். அந்த நேரத்தில் போலீஸ் ஜீப் வந்து நின்றது. வீட்டுக்குள் வைத்துத் திருட்டுத்தனமாகப் பட்டாசு செய்வதாக ஒருவர் போனில் தகவல் சொன்னதாக சார்பு ஆய்வாளர் அவர்கள் தெரிவித்தார்கள்.

அவர்கள் பார்த்தபோது வாசலில் மணல் வாளியும், உள்ளே சேலை கட்டிய சன்னலும், சுவரோரம் அடுக்கிய சரவெடிப் பெட்டிகளும் இருந்தன. இன்று காலை வேறொரு ரவிக்கைக்கு டிசைன் பதித்துக்கொண்டிருந்தார்கள். காகிதத்தில் ஊசியால் படத்தைத் துளையிட்டு, ஜிங்க் பொடியை மண்ணெண்ணெயில் குழைத்துத் தேய்த்தால் படம் துணியில் இறங்கும். ஆகவே ஒரு கிண்ணம் நிறைய வெள்ளைப் பொடியும் ஒரு பாட்டில் மண்ணெண்ணெயும் நடுவீட்டில் இருந்தன. அந்த மூன்று பெண்களின் கையெல்லாம் பொடி. நான் போலீசாக இருந்தாலும் சந்தேகப்பட்டிருப்பேன். பாண்டிலட்சுமி, "சார், இது கல்யாணத் துணி" என்று சொன்னார். "எல்லாரும் அப்படித்தாம்மா சொல்றாங்க" என்று சார்பு ஆய்வாளர் அவர்கள் சொன்னார்கள்.

அதன் பிறகு டேப் ஒட்டிய பெட்டிகள் அனைத்தையும் பிரிக்காமல் ஒரு குட்டியானை வண்டியில் ஏற்றினார்கள். என் பெட்டியும் அதில் போனது. வீட்டைப் பூட்டிச் சீல் வைத்தார்கள். பாண்டிலட்சுமியை ஜீப்பில் ஏற்றினார்கள். நான் பின்னாலேயே காரில் வந்தேன். நாளை மாலை உடுத்த எனக்கு வேறு உடுப்பு கிடையாது. இனிமேல் எந்தக் கடைக்குப் போனாலும் கிடைக்காது. இதை நினைத்துக் காருக்குள் நான் அழுதேன்.

நிலையத்துக்கு வந்ததும், கட்டடத்தை விட்டுத் தள்ளி காலி இடத்தில் பெட்டிகளை இறக்கி வைத்தார்கள். சந்தேகப்படும் சரக்கை நனைத்துவிட்டுத்தான் பிரிக்க வேண்டும் என்பதால் இரண்டு காவலர்கள் தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டு வந்தார்கள். என் பெட்டியில் பாண்டிலட்சுமி என் பெயரை எழுதி வைத்திருந்ததால் எது என்று எனக்குத் தெரிந்தது. நான் ஓடிப்போய் அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன்.

சார்பு ஆய்வாளர் அவர்கள் சத்தம் போட்டார்கள். "எம்மா, எந்திரிங்க. உள்ள மருந்து இருந்தா என்ன ஆகும்னு தெரியுமா?"

"மருந்து இருந்தா நான் உக்காருவேனா சார்? தண்ணிய எம் மேல ஊத்துங்க. பெட்டி மேல ஊத்தாதீங்க" என்று சொன்னேன்.

இரண்டு பெண் காவலர்கள் வந்து என் கைகளைப் பிடித்து இழுத்தார்கள். நான் அசையவில்லை. அசைக்கவும் அவர்களால் முடியவில்லை. என் உடம்பை நினைத்து நான் பெருமைப்பட்டது இன்றைக்குத்தான். அப்போது வராந்தாவில் உட்கார வைக்கப்பட்டிருந்த பாண்டிலட்சுமி என்னைப் பார்த்துவிட்டு எழுந்து நின்று, "அடி பாவி மகளே, அது மேலயா உக்காந்த? தச்ச பாசிமணியெல்லாம் நொறுங்கிப் போகுமே, எந்திரி!" என்று நிலையமே கேட்கும்படி கத்தினார்.

அதைக் கேட்டதும் சார்பு ஆய்வாளர் அவர்களின் முகம் மாறியது. பெட்டிக்குள் வெடி வைத்திருப்பவள் அப்படிக் கத்தமாட்டாள் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்க வேண்டும். குழாயை மூடச் சொன்னார்கள். தண்ணீர் ஊற்றமாட்டோம் என்று அவர்கள் வாக்குக் கொடுத்த பிறகு நான் எழுந்தேன். பெட்டி நசுங்கவில்லை. எங்கள் அச்சகத்து அட்டை என்பதையும் பதிவு செய்துகொள்ளக் கேட்டுக்கொள்கிறேன்.

அதன் பிறகு எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, சார்பு ஆய்வாளர் அவர்களே டேப்பை அறுத்துப் பெட்டியைத் திறந்தார்கள். மேலே வெள்ளை மல்துணி. அதை விலக்கினால் கருநீலப் பட்டு. பாவாடைக் கரையிலிருந்து இடுப்பு வரைக்கும் மஞ்சள் பருத்திப் பூ, செடியில் இருப்பதுபோல், கீழே நெருக்கமாகவும் மேலே போகப் போக இடைவெளி விட்டும் பூத்திருந்தது. முழுதாக முடிந்த பிறகு நானே அதை அப்போதுதான் பார்த்தேன். தலைமைக் காவலர் வீரலட்சுமி அவர்கள், "எம்மாடி, எம்புட்டுப் பூவு!" என்றார்கள். மற்றப் பெட்டிகளும் திறக்கப்பட்டன. எல்லாவற்றிலும் வேறு மணப்பெண்களின் ரவிக்கைகளும் பாவாடைகளும் இருந்தன. பட்டாசு சம்பந்தமாக ஒரு திரி கூட இல்லை.

பாசி நொறுங்கியிருக்கிறதா என்று பார்க்காமல் பாண்டிலட்சுமி நகரமாட்டேன் என்றார். உடுத்திப் பார்த்தால்தான் தெரியும் என்றும் சொன்னார். வீரலட்சுமி அவர்கள் பெண் காவலர்களின் ஓய்வறையைத் திறந்துவிட்டார்கள். உள்ளே போய் உடுத்திக்கொண்டு நின்றேன். பாண்டிலட்சுமி என் இடுப்பில் ஒரு தட்டுத் தட்டி, "மூச்ச விடு. வயித்த உள்ள இழுத்துக்கிட்டு நின்னா நான் எதப் பாக்க?" என்றார். விட்டேன். துணி எங்கேயும் பிடிக்கவில்லை. ஒரு உடுப்புக்குள் நான் மூச்சை விட்டு நின்றது அதுதான் முதல் தடவை. எனக்கு ரொம்பச் சந்தோஷமாக இருந்தது. இரண்டு பாசி மட்டும் உடைந்திருந்தது. அதற்கும் வசவு வாங்கினேன். அதே உடுப்போடு வெளியே வந்து, மனுக் கொடுக்க வந்திருந்தவர்கள் உட்பட அத்தனை பேர் முன்னாலும் வராந்தாவில் ஒரு நடை நடந்து காட்டினேன்.

அதன் பிறகு சீலை உடைத்து வீட்டைத் திறந்துவிட ஆள் அனுப்பினார்கள். தவறான தகவல் கொடுத்தவர் மேல் புகார் கொடுக்கிறீர்களா என்று எங்கள் இருவரிடமும் கேட்டார்கள். தகவல் கொடுத்தவர் பாண்டிலட்சுமியின் எதிர்வீட்டுக்காரர் சங்கிலிமுத்து என்பது அப்போது தெரிந்தது. அவரும் வரவழைக்கப்பட்டு வாசலருகே நின்றுகொண்டிருந்தார். நான் அவரைத் திட்டுவதற்கு வாயைத் திறந்தேன்.

அதற்குள் அவர், "தப்புத்தான் தாயி. எம் பொஞ்சாதி திருட்டு வெடி உருட்டப் போன வீட்டுலயும் இப்பிடித்தான் சன்னலச் சாத்திச் சேலயக் கட்டியிருந்தாக. அன்னைக்கு எனக்குத் தெரிஞ்சும் நான் யாருக்கும் சொல்லல. வெடிச்ச பெறகு அவள பெட்ஷீட்டுல சுத்தித்தான் குடுத்தாக" என்றார்.

 சன்னலைச் சாத்த வைத்தது பாண்டிலட்சுமி இல்லை, நான்தான் என்று சார்பு ஆய்வாளர் அவர்களிடம் சொன்னேன்.

பாண்டிலட்சுமி அவர் பக்கத்தில் போய், "இதுக்குப் போயி ஏண்ணே தல குனியுதீக? நாளைக்கு நெசமாவே எவளாவது வீட்டுல வச்சு வெடி உருட்டுனா அன்னைக்கும் போன் போடணும்லா. இப்ப ஒங்கள வைஞ்சு அனுப்புனா, அன்னைக்கு யாரு போடுவா?" என்றார். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

எனவே, மேற்படி சங்கிலிமுத்து மீது எனக்கோ பாண்டிலட்சுமிக்கோ எந்தப் புகாரும் இல்லை. காவல் துறையினர் மீதும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை திருமணத்துக்கு நிலையத்தில் உள்ள எல்லோரும் வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். அதை எழுத இடமில்லை என்றார்கள். இடம் இருக்கிறது, எழுதுங்கள் என்றேன்.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். ஓரிடத்தில் 'கைப்பற்றப்பட்ட சந்தேகப் பொருள்' என்றிருந்ததை அடித்துவிட்டு 'என் லெகங்கா' என்று போடச் சொன்னேன், போட்டார்கள். மற்றபடி நான் சொன்னது சொன்னபடியே இருக்கிறது, அவ்வளவும் உண்மை. யாரும் மிரட்டியோ சொல்லிக்கொடுத்தோ நான் சொல்லவில்லை. நான் கையெழுத்துப் போட்டால்தான் பெட்டி வெளியே போகலாம் என்கிறார்கள். அதை என் கார் வரைக்கும் தானே கொண்டு வருவதாகச் சொல்லி, சங்கிலிமுத்து இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, கீழே வைக்கச் சொல்லியும் வைக்காமல், வாசலில் நின்றுகொண்டிருக்கிறார். ஆகவே உடனே கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) அ. ஸ்ரீமதி