நாலு டயர் மட்டும்

— வழக்கம் போல நாலு டயரும் ரிம்மும் மட்டும்தானே? முன்னால இருக்கிற பானட் மூடியில ஒரு சொட்டுத் தண்ணி படக் கூடாது. அதானே தங்கச்சி?

— எந்த வழக்கம், அண்ணே? இந்தக் கார் எட்டு மாசமா எங்கப்பா வீட்டுப் போர்ச்ச விட்டு நகரல. முழுசாக் கழுவுங்க. நாலு மணிக்கு டீலர் வந்து எடுத்துட்டுப் போறார்.

— நகரலயா? செவ்வாய்க்கிழமை இதே கையாலதானே லா தேய்ச்சேன். ஐயாத்துரை அங்கிள் கார்தானே இது?

— ஆமா. நான் அவர் மக நிரோஷா, தைப்பிங்ல டீச்சர். நீங்க வேற கார்னு நெனச்சிட்டீங்க. சிம்பாங் பூலாய்ல சில்வர் மைவி கார் எத்தனை ஓடுது.

— சில்வர் ஆயிரம் ஓடும். பானட் தூசியில விரலால 'ஓட்டாதீங்க அப்பா'ன்னு எழுதின கார் ஒண்ணுதான் ஓடுது.

— அது நான் எழுதினது.

— நீங்களா? நான் பேரப்பிள்ளை எவனோ எழுதினது, ஆசையா வச்சிருக்கார்னு நெனச்சேன்.

— ஆசையும் இல்ல, விளையாட்டும் இல்ல. அப்பாவுக்கு இடது கண்ணு சுத்தமாத் தெரியல, வலதும் மங்கிக்கிட்டு வருதுன்னு டாக்டர் சொல்லிட்டார். இனிமே ஓட்ட மாட்டேன்னு சாமி மேடை முன்னாடி சாவிய என் கையில குடுத்தார். இன்னொரு சாவி இருந்திருக்கு பாருங்க. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் வந்து அந்த எழுத்தத்தான் மொதல்ல பார்ப்பேன். அப்படியே இருக்கும். நானும் நிம்மதியாத் திரும்பிப் போவேன்.

— அலமாக். அதான் மழை வர்ற மாதிரி இருந்தா, எழுத்து அழிஞ்சிடும்னு அங்கிள் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கிறதில்லையா. எனக்கு மண்டை காய்ஞ்சி போச்சி தங்கச்சி. இருவது வருசமா கார் கழுவுறேன். ரிம்முல அழுக்கு இருக்கக் கூடாது, மேல இருக்கிற அழுக்கு போகக் கூடாதுன்னு சொன்ன மனுசன இப்பத்தான் பார்க்கிறேன். டயருக்கு பாலிஷ் போடட்டான்னு கேட்டா, வேணாம் கனகராஜ், கறுப்பா மின்னுச்சின்னா மாட்டிக்குவோம்னு சிரிப்பார். யார்கிட்ட மாட்டுவார்னு எனக்கென்ன தெரியும்.

— எங்கே போயிட்டு வர்றார்?

— ரிம் பூரா செம்மண்ணா அப்பியிருக்கும். சூட்டோட தண்ணி அடிக்கக் கூடாதுன்னு ஆற விட்டுட்டு, பழைய பல் பிரஷ்ஷால இடுக்கு இடுக்கா நோண்டி எடுப்பேன். அந்த மண்ணு எங்க பழைய தோட்டத்துப் பாதையிலதான் கிடக்கு. கித்தா, அதான் ரப்பர் மரத்த வெட்டிட்டு எண்ணெய்க்குச் செம்பனை போட்டாங்களே, அங்கதான். பந்து விளையாடின பாடாங் ஒண்ணு இருக்கு, இப்ப ஒரு ஈ காக்கா கிடையாது.

— ஆளில்லாத திடல்ல அப்பாவுக்கு என்ன வேலை? ரயில்வேல கிளார்க்கா இருந்தவர் அவர். அந்தத் தோட்டத்துப் பக்கம் எங்களுக்கு ஒரு சொந்தமும் இல்லையே.

— அது வந்து... சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. நானும் தலைய ஆட்டிட்டேன்.

— சரி, இந்த இடது பக்க ரிம்மப் பாருங்க. முன்னாலயும் பின்னாலயும் சுத்திச் சுத்திச் சொரண்டியிருக்கு.

— ரோட்டோரக் கல்லுல உரசினது. நானும் தேய்ச்சுப் பார்த்தேன், போகல.

— வலது பக்கம் ஒரு கீறல் இல்ல. அப்போ என்ன அர்த்தம்? இன்னைக்குக் காலையில ஏறுறேன், சீட்டு ஸ்டீரிங்கோட ஒட்டிக்கிட்டு இருக்கு. அது மேல ஒரு தலையணை. பின்னுக்குத் தள்ளிட்டுத்தான் ஓட்டிட்டு வந்தேன். ஆறடி மனுசன், ரோடு தெரியாம எக்கி எக்கிப் பார்த்து ஓட்டியிருக்கார். ஒரு பிள்ளை குறுக்கே ஓடி வந்தா என்ன ஆகும்? அம்மா எப்படி விட்டாங்க?

— ஆண்ட்டியும் கூடத்தான் வருவாங்க.

— அம்மாவுமா? இடது சீட்டுல உக்காந்ததும் தூங்கிடுற ஆளு. நாப்பது வருசமா அப்படித்தான். அவங்களுக்கு ரோடப் பத்தி என்ன தெரியும்? கார் என் பேர்லதான் இருக்கு அண்ணே. ரெண்டு பேரும் காம்பாருக்குக் கல்யாணத்துக்குப் போயிருக்காங்க, பக்கத்து வீட்டுக்காரர் வண்டியில. வர்றதுக்குள்ள வித்துடுறேன். திட்டட்டும். அப்பா உயிரோட இருந்து திட்டட்டும்.

— விக்காதீங்க தங்கச்சி.

— அப்போ காரணத்தைச் சொல்லுங்க.

— சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்துட்டேன். டேஷ்போர்டு டிராயரத் திறக்க விட மாட்டேன்னு குடுக்கல. உள்ள, கடைசி வரைக்கும் கைய விடுங்க.

— 'பி' ஸ்டிக்கர். ரெண்டு இருக்கு. புதுசா லைசன்ஸ் எடுத்தவங்க கண்ணாடியில ஒட்டுறது. தம்பி அருணனோடதா? அவன் சிங்கப்பூர் போயே ஆறு வருசம் ஆச்சு. இது புதுசாவும் இருக்கு, உரிச்சு உரிச்சு ஒட்டினதுல ஓரமெல்லாம் சுருண்டும் இருக்கு. எனக்கு ஒண்ணும் புரியல. நாப்பது வருசம் ஓட்டின அப்பாவுக்கு இது எதுக்கு?

— அவருக்கு எதுக்கு? இங்க வந்து நின்னா அங்கிள் இடது கதவுலதான் இறங்குவார். வலது பக்கம் இறங்குறவங்கதான் மொத வேலையா இதை உரிச்சு உள்ள வைப்பாங்க. அவங்க குள்ளம், தலையணை போடாட்டி ரோடு தெரியாது. கல்லுல உரசினது பூரா அவங்க பார்க்கிங் பழகினது.

— அம்மாவா?

— மூணாவது தடவைதான் பாஸாம், அறுவத்தி ரெண்டு வயசுல. ஆஸ்பத்திரிக்குப் போற ஒவ்வொரு தடவையும் மக லீவு போட்டு ஓடி வருதுன்னு அவங்களுக்கு மனசு கேட்கல. தீபாவளிக்கு தைப்பிங் வரைக்கும் அவங்களே ஓட்டணுமாம், அதுவரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடாதேன்னாங்க. நான் விட்டுட்டேன். சோப்பு கலக்கி வச்சிருக்கேன். பானட்ல ஊத்தட்டுமா?

— ஊத்தாதீங்க, டீலர வர வேணாம்னு சொல்லிடுறேன். வர்ற வழியில லோரிக்காரன் தெறிச்ச சேறு ரிம்முல இருக்கு, நாலு டயர் மட்டும் கழுவுங்க. நான் சீட்டை முன்னுக்குத் தள்ளி வைக்கிறேன்.